பேக்கில் முதலில் எதைப் போடுவது?

மஹய்யாவ மேட்டு வீடொன்றிலிருந்து கோல் வருகிறது: “வை-ஃபை வருது, போகுது. கொஞ்சம் வந்து பாருங்க தம்பி.” படியெல்லாம் ஏறிப் போனபிறகு ஒரு சாமான் குறைந்தால் திரும்பக் கண்டி டவுனுக்குத்தான் இறங்க வேண்டும். அதனால் பிளேன்டியைக் குடித்துக்கொண்டே பேக்கை ஒழுங்காக அடுக்குவோம்.

எல்லோரும் முதலில் எடுப்பது ஸ்க்ரூ ட்ரைவர் செட். எடுங்கள், ஆனால் அடியில் போடுங்கள். கழற்றுகிற வேலை பிறகுதான். எது கெட்டிருக்கிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு, நன்றாக வேலை செய்வதாக நமக்கே நிச்சயமான ஒரு லான் கேபிளும் ஒரு ரவுட்டர் அடப்டரும் மேலே இருக்கட்டும். சந்தேகமானதைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டிப் பார்க்கிறோம். கோளாறு நின்றால் ஆள் அகப்பட்டான்.

ரவுட்டரில் லைட் எரிகிறதே, அடப்டர் எப்படிக் கெட்டிருக்கும் என்பீர்கள். கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். சும்மா இருக்கும்போது அப்படித்தான். ரவுட்டர் மும்முரமாக வேலை செய்யும்போது வோல்ட் சரிந்து, அது தானே அணைந்து திரும்ப எழும்பும். “வருது, போகுது” என்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு பயம் வரும். பழைய அடப்டரில் 12 வோல்ட், 1 அம்பியர். நம்முடையதில் 12 வோல்ட், 2 அம்பியர். “ஐயோ, கரண்ட் கூட, எரிஞ்சிடும்!” எரியாது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் நாம் அள்ளுகிற அளவுதானே வாளியில் வரும்? அம்பியர் என்பது அடப்டரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு, எடுப்பது ரவுட்டர். அது கூடலாம், குறையக் கூடாது. வோல்ட் அப்படியல்ல, அது தள்ளுகிற அழுத்தம். 5 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் புகைதான். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று லேபிளில் சின்னப் படம் இருக்கும். அதுவும் பொருந்த வேண்டும்.

அடுத்தது கேபிள் டெஸ்டர். லான் கேபிளுக்குள் எட்டு வயர். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் இன்டர்நெட் பெரும்பாலும் நிற்காது, வேகம்தான் விழும். வீட்டுக்காரர் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். கிரிம்ப்பரும் ஒரு பிடி ஆர்ஜே-45 கனெக்டரும் இருந்தால் நுனியை வெட்டிப் புதிதாகப் போட்டுவிடலாம்.

சில்லறைச் சாமான்களில் சிஆர்2032 பட்டன் பேட்டரியை விட்டுவிடாதீர்கள். அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் திகதியை மறந்துவிடும். திகதி பிழைத்தால் பல இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். பழைய வீடுகளில் உருண்டைப் பின் ப்ளக் பொயின்ட் இருக்கும், அதற்கொரு மல்டி ப்ளக். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்து இடிமழை அடப்டரைத்தான் முதலில் பதம் பார்க்கும். அந்த மாதங்களில் இன்னொன்று கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.