யானைக்கு விதைக்கும் காலம்: உலர்வலயப் புற்றரைகளும் மழையின் நிச்சயமின்மையும்

புரட்டாதிக் கடைசியில் உலர்வலயத்து உழவன் வானத்தைப் பார்க்கின்றான். வனவிலங்குகளுக்கெனப் புல் விதைக்க முற்படும் அலுவலரும் அதே வானத்தையே பார்க்கின்றார். இருவரும் எதிர்பார்ப்பது ஒரே மழையைத்தான். ஆயினும் உழவன் ஐப்பசியில் விதைத்ததைத் தை, மாசியில் அறுத்துவிடுகின்றான். மழை முடிய அவனது கணக்கும் முடிந்துவிடுகின்றது. யானைக்கென விதைத்த புல்லோ மழைக்காலத்தில் எவருக்கும் வேண்டப்படுவதில்லை. காடெங்கும் பசுமை நிறைந்திருக்கும் மார்கழியில் யானைக்கு உணவுப் பஞ்சம் இல்லை. பஞ்சம் வருவது ஆவணியிலும் புரட்டாதியிலுமே. அதாவது விதைப்புக்குரிய காலமும் பசிக்குரிய காலமும் ஆண்டின் இரு எதிர்முனைகளில் அமைந்துள்ளன. விலங்குகளுக்கான மேய்ச்சற்றரை பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் ‘எப்பொழுது மழை வரும்?’ என்ற வினாவுடன் நின்றுவிடுகின்றன. பசியின் காலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே முறையானது என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயம் தாவரவியலாருக்கு மட்டும் உரியதன்று. 2011ஆம் ஆண்டில் நடைபெற்ற கணக்கெடுப்பில் இலங்கையின் காட்டு யானைகள் 5,879 எனக் கணிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானைகள் நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வெளியே, மனிதரும் வாழும் இடங்களிலேயே உள்ளது. வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோகிராம் தாவர உணவை உட்கொள்ளும். காட்டில் அது கிடையாதபோது யானை எங்கே செல்லும் என்பதை மட்டக்களப்பின் படுவான்கரையிலோ வன்னியிலோ இரவில் காவற்பரணில் கண்விழித்திருப்போருக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. வயிறு நிறைந்த யானை வயலுக்கு வராது என்று சொல்வதும் பிழையே. நெற்பயிரின் சுவையறிந்த கொம்பனும் அலியனும் காட்டிலே புல் இருந்தாலும் வரத்தான் செய்யும். ஆனால் குட்டிகளோடு கூடிய பெண்யானைக் கூட்டங்களைப் பொறுத்தவரை மேய்ச்சற்றரையின் நிலை உயிர்ப்பிரச்சினையாகும்.

மழையின் இயல்பை முதலில் நோக்குவோம். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழையைப் பெறும் பகுதிகளை உலர்வலயம் என வழங்குகின்றோம். அநுராதபுரத்தின் ஆண்டுச் சராசரி 1,300 மில்லிமீற்றர் அளவினது. பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள பிறநாட்டுப் புல்வெளிகள் பலவற்றோடு ஒப்பிடின் இது வறிய மழையன்று. குறை அளவில் இல்லை, பங்கீட்டில் உள்ளது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சி மழையும், அதனைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் ஆண்டின் பெரும்பங்கைத் தந்துவிடுகின்றன. பங்குனி, சித்திரையில் ஒரு சிறுமழை. பின்னர் புரட்டாதி வரை நீண்ட கோடை. மழை நிற்கும் காலத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். அது தொடங்கும் காலத்தைச் சொல்வதே கடினம். புரட்டாதியில் இரண்டு நாள் இடியுடன் பெய்து நிலத்தின் மேற்புறத்தை மட்டும் நனைத்துவிட்டுப் பின்னர் இரண்டு, மூன்று வாரம் முகங்காட்டாதிருக்கும் மழையை உழவர் அனைவரும் அறிவர். இதனை நாம் ‘பொய்த்தொடக்கம்’ எனக் குறிப்போம்.

புல் விதைக்கும் பொய்த்தொடக்கம் பெருங்கேடு. நெல்மணி பருத்தது, சிறிது ஆழத்தில் கிடந்தாலும் தன் சேமிப்பைக் கொண்டு மேலெழ வல்லது. புல்விதையோ எள்ளினும் மெலிந்தது. மண்ணின் மேற்பரப்பிலேயே கிடக்க வேண்டியது. மேற்பரப்பு ஈரம் கண்டதும் முளைத்துவிடும். ஈரம் அற்றதும் மடிந்துவிடும். உலர்வலய மேட்டுநிலங்களின் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். உழுவதற்கேற்ற நாட்கள் அவ்விரண்டிற்கும் இடையில் மிகச் சிலவே. எனவே மழை வந்தபின் நிலத்தைப் பண்படுத்தலாம் என்றிருப்பவர் பெரும்பாலும் பிந்திவிடுவர்.

எமது உழவர் இச்சிக்கலுக்குக் கண்ட வழி புழுதி விதைப்பாகும். மழைக்கு முன்னரே காய்ந்த புழுதியில் விதையை இட்டு, மழை வரும்வரை அங்கேயே காத்திருக்கச் செய்வர். முற்றாகக் காய்ந்த மண்ணில் விதைக்கு ஊறு குறைவு. முழுதும் நனைந்த மண்ணிலும் அவ்வாறே. அரைகுறை ஈரமே அதனைக் கெடுக்கும். ஆகவே புழுதியில் விதைப்பவர் எறும்புக்கும் பறவைக்கும் பொய்மழைக்கும் பங்கு வைத்து விதையைச் சற்றுக் கூடுதலாகவே இடுவர். இவ்வறிவை மேய்ச்சற்றரைக்குப் பயன்படுத்துகையில் ஒரு திருத்தம் வேண்டும். ஒரே நாளில் நிலம் முழுவதையும் விதைத்தலாகாது. மூன்றிலொரு பங்கைப் புரட்டாதிப் புழுதியிலும், மற்றொரு பங்கை ஒரு சாண் ஆழத்திற்கு ஈரம் இறங்கியபின்னும், எஞ்சியதைக் கார்த்திகையிலும் இடுவது தகும். ஈரம் இறங்கியதா என்பதை அறிய மழைமானியைக் காட்டிலும் மண்வெட்டியே நம்பத்தக்கது: ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்து அமுக்கும்போது அது உருண்டையாக நிற்குமாயின் விதைக்கலாம். அறுகு போன்று தண்டினாற் பரவும் புற்களை விதையாக இடுவதிலும் தண்டுத்துண்டுகளாக நடுவதே நன்று. ஆனால் அதனை நடுக்கார்த்திகைக்கு முன் செய்தல் பெரும்பாலும் வீண்செலவாகும்.

பசுபிக் கடலின் வெப்பநிலையைக் கொண்டு ஓரளவு முன்னறிவும் இன்று கிடைக்கின்றது. எல் நினோ ஆண்டுகளில் எமது ஒக்டோபர், நவம்பர் மழை மிகும் போக்கையும், தொடர்ந்து வரும் தை முதல் பங்குனி வரையான மழை குறையும் போக்கையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். இது போக்கேயன்றி விதியன்று. எனினும் அத்தகைய ஆண்டுகளில் முந்தி விதைப்பதும், மாறான ஆண்டுகளில் விதையின் ஒரு பகுதியைக் கையிருப்பில் வைத்துக்கொள்வதும் விவேகமாகும். 2016இன் இறுதியில் ஒக்டோபர் மழை பொய்த்து, 2017 முழுவதும் நாடு கொடிய வறட்சியில் வாடியதை நாம் மறத்தற்கில்லை.

இவ்வளவும் செய்து புல்லை முளைக்க வைத்துவிட்டோம் எனக் கொள்வோம். இனித்தான் உண்மையான இடர் தொடங்குகின்றது. யானை புல்லைக் கடித்து மேய்வதில்லை. துதிக்கையாற் சுற்றிப் பிடுங்கி, வேர்மண்ணைக் காலிலே தட்டி உதறி உண்கின்றது. வேரூன்றாத இளம்புல் இதற்கு ஒரு நாளும் தாங்காது. மானும் எருமையும் எஞ்சியதைத் தீர்த்துவிடும். ஆகவே முதலாண்டில் மேய்ச்சலை மறிக்க வழியில்லாத இடத்தில் விதைப்பதைவிட விதைக்காதிருப்பதே மேல். மறித்து வளர்த்தாலும் கார்த்திகைப் புல் மாசியிலே பூத்து முற்றிவிடும். ஆனியிற் சோளகக் காற்று வீசும்போது அது வெறும் வைக்கோல். ஆபிரிக்காவிலிருந்து தீவனத்திற்கெனக் கொண்டுவரப்பட்ட கினிப்புல் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து, கோடையிற் காய்ந்து, ஒரு நெருப்புக்குச்சிக்காகக் காத்து நிற்பதை உலர்வலயத் தெருவோரமெங்கும் காணலாம். இளசாயிருக்கையில் யானை அதனை விரும்பி உண்ணும் என்பதும் உண்மையே. எனவே மேட்டுநிலப் புற்றரையைச் சித்திரைச் சிறுமழைக்குச் சற்று முன்னர் அறுத்துவிடல் வேண்டும். அம்மழையில் எழும் புதுத்தளிரே ஆனி, ஆடி வரையேனும் பயன்தரும். நாயுண்ணிப் புதரை அகற்றித் திறந்துவிடும் நிலங்களிலும், உதாரணமாக உடவளவையில் மேற்கொள்ளப்பட்டது போன்ற பணிகளிலும், இதே கணக்கு பொருந்தும்.

ஆனால் ஆவணியிலும் புரட்டாதியிலும்? அப்போது மேட்டுநிலம் எதுவும் பசுமை தராது. அவ்விரு மாதங்களில் இந்நாட்டில் இளம்புல் விளையும் இடம் குளத்தின் அலைகரையும் ஆற்றோர வில்லுகளுமே. கோடையில் வயலுக்கு நீர் பாயப்பாயக் குளத்து நீர் பின்வாங்குகின்றது. பின்வாங்கிய ஈரச்சேற்றில் எவரும் விதைக்காத புல் நாளுக்கு ஒரு முழமாக நீரைத் தொடர்ந்து இறங்குகின்றது. மேல்விளிம்பிற் புல் முற்றுமுன் கீழ்விளிம்பில் புதுப்புல் எழுகின்றது. மழையை எதிர்பாராத, தானே தவணை தவணையாக விதைத்துக்கொள்ளும் மேய்ச்சற்றரை இது. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் படுகையில் யூலை முதல் ஒக்டோபர் வரை ஏறத்தாழ 300 யானைகள் ஒன்றுகூடும் காட்சி உலகப் புகழ்பெற்றது. பயணிகள் அதனை யானைகளின் திருவிழா என்று படம்பிடிக்கின்றனர். யானைகளுக்கோ அது ஆண்டின் கடைசிப் பந்தி.

இப்பந்தியின் நேரம் அண்மையில் மாறிவிட்டது. அம்பன் கங்கையின் மீது கட்டப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் செயற்படத் தொடங்கிய பின்னர், எலஹெரக் கால்வாய் வழியாகக் கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் வரலாயிற்று. தொடர்ந்த ஆண்டுகளில் குளம் கோடையிலும் நிறைந்து கிடந்ததால் படுகைப் புல் நீருள் அமிழ்ந்தது. மெலிந்த யானைகள் ஊர்ப்புறங்களில் அலைந்தன. நீரை வேண்டிநின்ற பொலநறுவை உழவரை நாம் குறைகூற இயலாது. சிறுபோகத்திற்கு நீர் கிடைப்பது அவர்களுக்கு நீண்டகாலக் கனவு. ஆயினும் குளத்தை எப்பொழுதும் நிறைத்தே வைத்திருத்தல் பாசனத்தின் தேவையன்று. மேலே பெரிய தேக்கம் இருக்கையில் நீரை அங்கே வைத்திருந்து தேவைக்கேற்ப இறக்கிக்கொள்ளலாம். யூன் முதல் மின்னேரியாவின் நீர்மட்டத்தைப் படிப்படியாகத் தாழ விடுவதெனத் தீர்மானித்தால், அத்தீர்மானத்தை எடுக்கும் பொறியியலாளரே அவ்வாண்டின் புல் விதைப்பாளராவார். மழையின் நிச்சயமின்மைக்கு எதிராக எமக்குள்ள ஒரே உறுதியான விதைப்பு நாள் துருசு திறக்கும் நாளே. எனினும் நீர்ப்பாசனக் கூட்டங்களில் புல் ஒரு பயிராகக் கருதப்படுவதில்லை.

பூங்காவுக்கு வெளியே இக்கணக்கை முன்பு நடத்தியது சேனைப் பயிர்ச்செய்கையாகும். மழைக்காலத்தில் மனிதன் சேனையைக் காத்தான். அறுவடை முடிந்து அவன் நீங்கியதும் தழைத்த புல்லையும் துளிர்களையும் கோடை முழுவதும் யானை மேய்ந்தது. நிலம் ஒன்று, பருவத்துக்கு ஒருவர் உரிமையாளர். சேனைகள் நிரந்தரப் பயிர்நிலங்களாகவும் வேலியிட்ட தோட்டங்களாகவும் மாறிய இடங்களில் இவ்வேற்பாடு குலைந்துவிட்டது. எனினும் அதன் சாயல் முற்றாக மறைந்துவிடவில்லை. பெரும்போகம் மட்டுமே செய்யும் சில கிராமங்களில் உழவர் விதைப்பின்போது வயலைச் சுற்றி மின்வேலியை நாட்டி, அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுசென்றுவிடுகின்றனர். அடுத்த விதைப்பு வரையில் அவ்வயல்களின் தாளும் களைப்புல்லும் யானைக்கு விடப்படுகின்றன.