நொறுங்கும் உணவும் ஆக்கவுரிமையும்

எளிதில் நொறுங்கும் சோளச் சீவல் போன்ற காலையுணவைக் காற்று நீக்கிய உறையில் அடைத்து விற்க ஒருவர் முற்படுகிறார் என்று கொள்வோம். “இம்முறை யான் கண்டது, என் இசைவின்றிப் பிறர் கையாளுதல் ஆகாது” என அவர் ஆக்கவுரிமை கோரலாமா? வினா சிறிதாயினும் அதன்கண் அடங்கிய நீதி பெரிது. தகாதவருக்கு உரிமை வழங்கின், யாவர்க்கும் பொதுவாகிய அறிவு ஒருவரது வேலிக்குள் அடைபடும். தக்கவருக்கு மறுப்பின், உழைத்தவர் பயன் இழப்பர்.

ஆக்கவுரிமைக்கு வேண்டப்படுவன மூன்று: புதுமை, தொழிற்பயன், புத்தாக்கத் திறன். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இவற்றையே வேண்டுகின்றது. முன்னைய இரண்டும் எளிதில் விளங்குவன. அத்துறையிற் பயின்றவருக்கு இயல்பாகவே தோன்றக்கூடியது புத்தாக்கம் ஆகாது என்பதே மூன்றாவதன் கருத்து.

இதனைத் தெளிவிக்க ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் துணைபுரியும். உலோகத்தாலும் மரத்தாலும் கதவுக் குமிழ் செய்த காலத்தில், சிலர் அறிந்த முறையிலேயே களிமண்ணாற் செய்து உரிமை கோரினர். பொருளை மாற்றியது கைவினைஞர் திறனேயன்றிப் புத்தாக்கமன்று என 1851இல் நீதிமன்றம் கொண்டது. மற்றையது, மகனீசியமும் செப்புக் குளோரைட்டும் கொண்டு அடம்ஸ் என்பார் ஆக்கிய மின்கலம் பற்றியது. மூலப்பொருள்கள் முன்னரே அறியப்பட்டவை; ஆயினும் அது இயங்குமென வல்லுநரே முதலில் நம்பவில்லை. எனவே 1966இல் அவரது உரிமை நிலைநிறுத்தப்பட்டது.

இனி எமது வினாவுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்காவிற் கோப்பி காற்று நீக்கிய தகரப் பேணிகளில் விற்கப்பட்டது. அத்தகைய பேணியில் கோப்பிக்குப் பதிலாகச் சீவலை இடுதல் குமிழ் வழக்கையே ஒக்கும். வன்மையான பேணி வெளியழுத்தத்தைத் தானே தாங்குதலின், உள்ளே சீவல் உடையாதிருப்பதில் வியப்பில்லை.

மென்மையான உறையோ வேறு. அதனுள்ளிருந்து காற்றை முற்றாக நீக்கின், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒப்பான வளியழுத்தம் உறையோடு சீவலையும் நெரிக்கும். இதனாலன்றோ உருளைக்கிழங்குச் சீவற் பைகளில் நைதரசன் வாயுவை நிரப்பி மெத்தைபோல் அமைக்கின்றனர்! துறையறிந்தோர் விலகிச் செல்லும் இவ்வழியில் ஒருவர் துணிந்து சென்று, எவ்வளவு காற்றை எவ்வாறு நீக்கினால் சீவல்கள் நொறுங்காது ஒன்றையொன்று பற்றி அசைவற்றிருக்கும் எனச் சோதனையாற் கண்டாராயின், அவர் நிலை அடம்ஸின் நிலையை ஒக்கும்.

ஆதலால், ‘காற்றை நீக்கி அடைத்தல்’ என்னும் பொதுக் கருத்துக்கு உரிமை இல்லை; எதிர்பாராப் பயன் தரும் குறித்த முறைக்கு உண்டு என்பதே எம் துணிபு. அதற்கும் விலை உண்டு. பிறர் செய்து பார்க்கத்தக்கவாறு அம்முறையை அவர் முற்றாக விளக்கியெழுதல் வேண்டும். விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டு கழிந்தபின் அது உலகிற்குப் பொதுவாகும்.

மாணவர்காள்! எளிமை கண்டு எதனையும் இகழற்க. செய்து முடித்தபின் எல்லாம் எளிதாகவே தோன்றும். செய்யுமுன் அது யாருக்குத் தோன்றிற்று என்பதே வினா.