வெற்றிடக் கசிவு (தானுந்து)

வெற்றிடக் கசிவு என்பது பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு பகுதிக்குள், கார்புரேட்டர் வழியாக அன்றி, வெடிப்பு, தளர்ந்த இணைப்பு அல்லது தேய்ந்த துளை வழியாக வெளிக்காற்று புகும் பழுது ஆகும். தமிழகப் பட்டறைகளில் இதனை ஏர் லீக் என்பர். பழைய தானுந்துகளில் ஐடிலிங் எனப்படும் வெற்றோட்டம் சீர்குலைய இது ஒரு முதன்மைக் காரணம். பெயரில் கசிவு என்று இருப்பினும் எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. காற்றே உள்ளே இழுக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் தடயம் இல்லாததால், பழுதில்லாத கார்புரேட்டரையோ தீப்பொறிச் செருகிகளையோ மாற்றி வீண் செலவு செய்ய நேர்வதுண்டு.

அடிப்படை

உருளைக்குள் உந்துதண்டு கீழிறங்கும்போது காற்று உறிஞ்சப்படுகிறது. வெற்றோட்டத்தில் திராட்டில் வால்வு ஏறத்தாழ மூடியிருப்பதால், அதற்கும் உருளைகளுக்கும் இடைப்பட்ட உறிஞ்சு குழலில் காற்றழுத்தம் வெகுவாகக் குறைகிறது. இக்குறை அழுத்தமே வெற்றிடம் எனப்படுகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் கடல் மட்டத்தில் இது பொதுவாக 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு (சுமார் 430 முதல் 530 மி.மீ.) இருக்கும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. கசிவு வழியே புகும் காற்றுடன் பெட்ரோல் சேர்ந்து வருவதில்லை. எனவே கலவை நீர்த்துப்போய்ச் சில சுழற்சிகளில் தீப்பற்றாமல் விடுகிறது. வெற்றோட்டத்தில் எஞ்சின் உறிஞ்சும் மொத்தக் காற்று குறைவு. ஆகவே சிறு கசிவும் பெரும் பங்காகிறது. திராட்டில் திறந்ததும் அப்பங்கு குறைந்து அதிர்வும் தணிகிறது. நின்றால் நடுக்கம், ஓடினால் சீர் என்பது இப்பழுதின் அடையாளம் ஆகும்.

கசியும் இடங்கள்

* உறிஞ்சு குழலுக்கும் எஞ்சின் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கட்
* கார்புரேட்டரின் அடிப்பகுதிக் கேஸ்கட்
* தேய்ந்த திராட்டில் தண்டும் அதன் துளையும்
* டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயும் அதன் சவ்வும்
* பிரேக் பூஸ்டரும் அதற்குச் செல்லும் குழாயும்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசிடர் தானுந்து 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதில் நெடுங்காலம் பயன்பட்ட 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் நான்கு உருளைகளுக்கும் சேர்த்து இரண்டே உறிஞ்சு வாயில்கள் உள்ளன. முதல் இரண்டு உருளைகள் ஒன்றையும், கடைசி இரண்டும் மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே ஒரு வாயிலில் கேஸ்கட் கசிந்தால் அடுத்தடுத்த இரு உருளைகள் பாதிக்கப்படலாம். உறிஞ்சு குழலும் புகைபோக்குக் குழலும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் உள்ளதால், வெப்பத்தால் ஏற்படும் விரிவும் சுருக்கமும் அக்கேஸ்கட்டைத் தளரச் செய்கின்றன.

கண்டறியும் முறைகள்

1. பார்த்தல்: எஞ்சினை நிறுத்தி, ரப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்புகள் பெரும்பாலும் குழாயின் முனைகளில் தோன்றும்.

2. கேட்டல்: எஞ்சின் ஓடும்போது, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்தினால், கசியும் இடத்தில் சீறல் ஒலி கேட்கும்.

3. அடைத்தல்: வெற்றிடக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உறிஞ்சு குழல் பக்கத்துத் துளையை அடைக்க வேண்டும். எந்தத் துளையை அடைத்ததும் ஓட்டம் சீராகிறதோ, அந்தக் கிளையிலேயே பழுது உள்ளது.

4. நீர்த் தெளிப்பு: கேஸ்கட் இணைப்பில் சிறிது நீரைத் தூவலாகத் தெளிக்கலாம். நீர் இடைவெளியை நொடிப்பொழுது அடைப்பதால் ஓட்டம் மாறும். மின் இணைப்புகளின் மேல் நீர் படக்கூடாது.

5. சோக் சோதனை: சூடான எஞ்சினில் சோக்கைச் சிறிது இழுத்ததும் நடுக்கம் குறைந்தால் கலவை நீர்த்திருக்கிறது எனக் கொள்ளலாம். சீர்கெட்டால் காரணம் வேறாக இருக்கலாம்.

6. வெற்றிட மானி: முள் நிலையாக, ஆனால் தாழ்வாக நின்றால் கசிவோ தாமதமான தீப்பொறி நேரமோ காரணமாகலாம். சீரான இடைவெளியில் முள் இறங்கி ஏறினால் வால்வுப் பழுதை ஐயுறலாம்.

மானியின் அளவு இடத்தின் உயரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். கங்கைகொண்ட சோழபுரம் போன்ற சமவெளி ஊர்களில் திருத்தம் தேவைப்படாது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சுமார் 7 அங்குலம் குறைவாகக் காட்டுவது இயல்பே. அதனைப் பழுது எனக் கருதக்கூடாது.

ஒத்த அறிகுறி தரும் பிற பழுதுகள்

தேய்ந்த தீப்பொறிச் செருகி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் தவறான இடைவெளி, வால்வு இடைவெளி மாற்றம், அடைபட்ட ஜெட் ஆகியவையும் இதே நடுக்கத்தைத் தரும். கங்கைகொண்ட சோழபுரம் அமைந்த அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ளன. இத்தகைய தூசி மிகுந்த இடங்களில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடுகிறது. அது பெட்ரோல் மிகுந்த கலவையைத் தரக்கூடியது. இது கசிவுக்கு நேர் எதிரான நிலை. செருகியின் முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் நீர்த்த கலவை எனப் பிரித்தறியலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் கருதத்தக்கது. இந்தியாவில் 2025-இல் 20 விழுக்காட்டுக் கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலில் ஆக்சிசன் இருப்பதால், இந்த எரிபொருளுக்குத் தேவைப்படும் காற்றின் விகிதம் சுமார் 13.5 ஆகும். எனவே பழைய அமைப்பிலேயே விடப்பட்ட கார்புரேட்டரில் கசிவு இல்லாமலே கலவை சற்று நீர்த்துவிடும். அத்துடன், எத்தனாலைத் தாங்கும் வகையில் செய்யப்படாத பழைய ரப்பர்ப் பாகங்கள் கெட்டுப்போகவும் கூடும்.

விளைவுகளும் பாதுகாப்பும்

திருகைக் கூட்டி வெற்றோட்ட வேகத்தை உயர்த்துவது நடுக்கத்தை மறைக்குமே அன்றிப் பழுதை நீக்காது. நீர்த்த கலவையுடன் சுமையேற்றி நெடுந்தொலைவு ஓட்டினால் வால்வுகள் கருகலாம். பிரேக் பூஸ்டர் பக்கம் கசிவு இருப்பின் பிரேக் மிதி கடினமாகி, வண்டியை நிறுத்தக் கூடுதல் விசை தேவைப்படும். எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்தியபின், மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் அக்குறையைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டக்கூடாது.

கசிவைக் கண்டறியப் பெட்ரோலைத் தெளிப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஓடும் எஞ்சினைச் சோதிப்பவர் துண்டு, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக்கை ஆகியன மின்விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்கினால் கார்பன் மோனாக்சைடு நச்சு சேரும் என்பதால், இச்சோதனைகளைத் திறந்தவெளியில் செய்தல் வேண்டும்.