"லினக்ஸா? விண்டோஸ் போட்டுட்டு கூப்பிடுங்க!" டாங்கிள் வாங்கிய கடைக்காரர் 9 நாள் அலைச்சல்

சென்னை பெரம்பூரில் ஆன்லைன் மனு போட்டுத்தரும் கடை வைத்திருப்பவர் அவர். வருமான சான்று, ரேஷன் கார்டு திருத்தம் என்று எப்போதும் கூட்டம் இருக்கும். தெருவில் பள்ளம் தோண்டியதில் கடைக்கு வந்த இன்டர்நெட் கேபிள் அறுந்தது. அவசரத்துக்கு செல்போன் கம்பெனி ஷோரூமில் 2 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு "டாங்கிள்" வாங்கினார். விரல் நீளம்தான். சிம் கார்டு போட்டு கம்ப்யூட்டரில் சொருகினால் நெட் வரும் என்றார்கள்.

வரவில்லை!

கடையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். காசில்லாமல் கிடைக்கும் "லினக்ஸ்"தான் அதில் ஓடுகிறது. லினக்ஸ் ஒன்றும் நம் ஊருக்கு புதுசு அல்ல. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோசோடு "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது.

கையை விரித்தனர்

கஸ்டமர் கேருக்கு போன் போட்டார். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, அப்புறம் பாட்டு. 20 நிமிஷம் கழித்து ஒரு பெண் குரல், "லினக்சுக்கு சப்போர்ட் கிடையாது சார், விண்டோஸ் போட்டுட்டு கூப்பிடுங்க" என்றது. ஷோரூமுக்கு ஓடினார். "பெட்டிய பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள்.

இப்படியே 9 நாள். மகளின் உதவித்தொகைக்காக வருமான சான்று கேட்டு வந்த ஒரு அம்மா, 3 நாள் நடந்து பார்த்துவிட்டு வேறு கடைக்கு போய்விட்டார்.

இரட்டை வேடம்

கடைசியில் கம்ப்யூட்டரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்கு போனார். அங்கே ரிப்பேர் பார்க்கும் பையன், "அண்ணே, இது ரெட்டை வேஷம் போடுது" என்று சிரித்தானாம்.

ஆள்மாறாட்ட கேஸ் எத்தனையோ எழுதி இருக்கிறோம். இது மெஷின் செய்யும் ஆள்மாறாட்டம்! இந்த மாதிரி டாங்கிளை சொருகியதும், "நான் ஒரு சி.டி." என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். விண்டோஸ் என்றால், அந்த "சி.டி."யில் உள்ள புரோகிராம் ஏறி வேஷத்தை கலைத்து அதை மோடம் ஆக்கிவிடும். அந்த புரோகிராம் லினக்சில் ஓடாது. அதற்கு பதிலாக "யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்" என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. பையன் அதை ஏற்றினான். கம்பெனியின் "ஏ.பி.என்." பெயரை அடித்து, *99# என்ற நம்பருக்கு டயல் செய்ய வைத்தான். 10 நிமிஷ வேலை. கூலி 100 ரூபாய்.

கஸ்டமர் கேரில் இந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை.

ஓயாத தொல்லை

நெட் வந்தது, வேகம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் சிக்னல் படுத்துவிடுகிறது. 198-க்கு போன் செய்து புகார் நம்பர் வாங்கினார். யாரும் வந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தது!

புகார் நம்பரை வைத்து கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. 39 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பது டிராய் 2012-ல் போட்ட விதி. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். டெலிபோன் கம்பெனி மீதான வழக்கை அங்கே விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

கடைக்காரர் போன வாரம் அப்பீல் போட்டு இருக்கிறார். பதில் இல்லை. நேற்று மாலை நாம் போனபோது, மனு பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பெஞ்சில் 4 பேர் காத்திருந்தார்கள்.