‘எங்க பூர்வீகம் வட ஆற்காடு’... ஆனா எந்த வட ஆற்காடு? கப்பல் பட்டியலில் முன்னோரைத் தேடுவது எப்படி?

‘கொள்ளுத் தாத்தா டர்பனுக்குக் கப்பல் ஏறினார். ஊர் பெயர் சரியாகத் தெரியவில்லை.’ தென்னாப்பிரிக்காவில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தைக் காகிதத்தில் தேட வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒரு காகிதம் சொல்வதை இன்னொன்று மறுக்கும்.

என்ன ஆவணம் இருக்கிறது?

1860 நவம்பர் 16-ம் தேதி, மெட்ராஸிலிருந்து சுமார் 340 பேருடன் ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மெட்ராஸ் துறைமுகம் வழியாகச் சென்றவர்களே அதிகம்.

ஒவ்வொருவரைப் பற்றியும் கப்பல் பட்டியலில் ஒரு வரி இருக்கும். எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், தழும்பு அல்லது மச்சம் என எல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடும்.

அப்புறம் என்ன பிரச்சினை?

முதலில் பெயர். தமிழர் வாயால் சொன்னதை, தமிழ் தெரியாத ஒரு எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினால் என்ன ஆகும்? முனுசாமி ‘மூன்சாமி’ ஆவார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆவார். அடுத்த பதிவேட்டில் எழுத்து மறுபடியும் மாறும். அதோடு, அப்பாவின் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரே குடும்பப் பெயர் இருந்தால் சொந்தக்காரர்கள் என்று அர்த்தமில்லை.

அடுத்தது வயது. பிறந்த தேதி தெரியாத காலம் அது. 20, 25, 30 என்று குத்துமதிப்பாகத்தான் எழுதினார்கள். இரண்டு ஆவணங்களில் வயது நான்கைந்து வருடம் முன்னே பின்னே இருந்தால், உடனே வேறு ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மூன்றாவது ஊர். இதுதான் பெரிய தலைவலி. பட்டியலில் உள்ள ‘வட ஆற்காடு’ இன்றைய வரைபடத்தில் இல்லை. 1911-ல் அதன் சில தாலுகாக்கள் புதிய சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. 1989-ல் எஞ்சிய மாவட்டமும் இரண்டானது. அதில் வேலூர் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆக, நீங்கள் தேடும் கிராமம் இன்று ஆந்திராவில்கூட இருக்கலாம். மாவட்டப் பெயரை வைத்துத் தேடுவதைவிட, தாலுகா பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவது நல்லது.

எதை நம்புவது?

நேட்டால் ஆவணங்களில் பெயரைவிட நம்பகமானது எண். கப்பல் பட்டியலில் கொடுத்த அதே எண் திருமணப் பதிவிலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் திரும்ப வரும். பெயர் எப்படி மாறினாலும் எண் பொருந்தினால், அது பெரும்பாலும் அதே ஆள்தான்.

எண் கிடைக்கவில்லையா? மூன்று கேள்வி கேளுங்கள். சம்பவம் நடந்தபோதே எழுதியதா, பல வருடம் கழித்தா? தகவல் சொன்னது யார்? அவருக்கு அதை மாற்றிச் சொல்லக் காரணம் இருந்ததா? இறப்புச் சான்றிதழில் உள்ள அப்பா பெயரை மகனோ மருமகளோ சொல்லியிருப்பார்கள். அதைவிட, சம்பந்தப்பட்டவரே சொன்ன கப்பல் பட்டியலுக்கு மதிப்பு அதிகம். ஆனால் சாதிப் பத்தியில் கவனம் தேவை. புது மண்ணில் புது அடையாளம் சொன்னவர்களும் உண்டு.

வீட்டுக் கதைகளை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். ‘முதல் கப்பலில் வந்தோம்’ என்று பல குடும்பங்கள் சொல்லும். அதில் வந்தவர்களோ சில நூறு பேர்தான். கதையில் வரும் குலதெய்வம், பக்கத்து ஊர், ஆற்றின் பெயர் போன்றவைதான் உண்மையில் உதவும் துப்புகள்.

இலங்கை, மலேசியா போனவர்கள்?

இது இன்னும் கஷ்டம். கங்காணிகள் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனதால், நேட்டால் போல ஆளுக்கு ஒரு வரி என்ற விரிவான பட்டியல் பெரும்பாலும் கிடையாது. அந்த வெற்றிடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1948 காட்டியது. அந்த ஆண்டு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரிடம் பிறப்புப் பதிவே இல்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இப்போது இது ஏன் முக்கியம்?

வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டையான ஓசிஐ, பொதுவாகக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரைதான் கிடைக்கும். 1860-களில் போனவர்களின் இன்றைய வாரிசுகள் அதையும் தாண்டிவிட்டார்கள். 2025-ல் டிரினிடாட் & டொபாகோ இந்திய வம்சாவளியினருக்கு இது ஆறாம் தலைமுறை வரை நீட்டிக்கப்பட்டது. வரம்பு நீண்டாலும், தலைமுறைக்குத் தலைமுறை தொடர்பைக் காட்டியாக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சிக்கல்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

* உங்களிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். பெற்றோர், தாத்தா பாட்டி என ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆவணம் வேண்டும்.
* வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதை போனில் பதிவு செய்யுங்கள். ஆவணம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.
* பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் எழுதி வைத்துத் தேடுங்கள்.
* மொரிஷியஸ் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட், ஃபிஜி என்றால் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம், இங்கே என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.
* முரண்பட்ட தகவலை அழிக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கே கிடைத்தது என்று குறியுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனை தூரத்து உறவுகளைக் காட்டலாம், கிராமத்தின் பெயரைச் சொல்லாது. அதற்கு அந்தப் பழைய பட்டியலின் ஒரு வரிதான் வேண்டும்.