சோரியாசிஸ்: களிம்போடு முடியாத வைத்தியம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் திருப்புட்குழி. சுற்றுவட்டாரத்தில் பலருக்குப் பட்டுத்தறிதான் பிழைப்பு. இங்கானாலும் வேறு எந்த ஊரானாலும், முழங்கையிலோ தலையிலோ செதில் செதிலாக உதிர்ந்தால் முதலில் தேடுவது களிம்பைத்தான். கூடவே பிரஷரையும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தோலுக்கு உள்ளே நடப்பது

சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று சொல்லும் சோரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் முடுக்கிவிடப்படுவதால் வருவது. சுமார் ஒரு மாதத்தில் மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள், சில நாட்களிலேயே வந்து குவிகின்றன.

இதற்குக் காரணமான டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-17 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்திலும் கலக்கின்றன. அவை ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்த, அங்கே கொழுப்பு படிவதும் சுலபமாகிறது. உடல் பருமன், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவையும் இந்த நோயாளிகளிடம் அதிகம்.

பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2006இல் வெளியான ஆய்வில், கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு அபாயம், அந்நோய் இல்லாத அதே வயதினரைப்போல் சுமார் 3 மடங்கு எனத் தெரியவந்தது. அந்த வயதில் மாரடைப்பு அரிது என்பதால் பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2018இல் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலில், இதய அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் சோரியாசிஸும் இடம்பெற்றுள்ளது.

நரம்பின் பங்கு

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை ஆகியவற்றை நம்மைக் கேட்காமலே நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். இதில் பரிவு நரம்புகள் துடிப்பைக் கூட்டும். எதிர்ப்பரிவு நரம்புகள், முக்கியமாக வேகஸ், அதைத் தணிக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடி, விடும்போது குறைவது ஆரோக்கியத்தின் அறிகுறி. சோரியாசிஸ் நோயாளிகள் பலரிடம் இந்த ஏற்ற இறக்கம் குறைந்து, பரிவு நரம்புகளின் கை ஓங்கியிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வேகஸ் நரம்புக்கு அழற்சியை அடக்கும் வேலையும் உண்டு. ஆகவே அது தளர்ந்தால் அழற்சி வளர இடம் கிடைக்கிறது. மனஉளைச்சல் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது, படையும் அதிகமாகிறது. ‘ஒட்டிக்கொள்ளும்’ என்று பிறர் பயந்து பந்தியில் தள்ளி உட்கார்வதும், பெண் கொடுக்கத் தயங்குவதும் நோயாளியின் மனதோடு நிற்காமல் உடலையும் வாட்டுகின்றன.

தறிக்காரர்கள் கவனிக்க

நெசவால் சோரியாசிஸ் வருவதில்லை. ஆனால் நோய் உள்ளவருக்குத் தோல் உராயும் இடத்திலும் காயம்பட்ட இடத்திலும் புதிய படை கிளம்பலாம். தறிப் பலகையில் உரசும் இடத்துக்கு மெத்தென்று துணி போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்கும் நல்லதல்ல. இடையிடையே எழுந்து நடங்கள். பீடி, புகையிலை, மது மூன்றும் படைக்கும் இதயத்துக்கும் ஒருசேரக் கெடுதல்.

என்ன செய்யலாம்?

• ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்.

• விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கை, உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். பத்து உள்ளங்கை அளவுக்கு மேல் படை இருந்தால் நோய் கடுமையானது. களிம்பு மட்டும் போதாது.

• பிரஷருக்கான சில பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படையைக் கூட்டலாம். சோரியாசிஸுக்கான சைக்ளோஸ்போரின் பிரஷரை ஏற்றலாம். தோல் மருத்துவர், பிரஷர் பார்க்கும் மருத்துவர் இருவரிடமும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

• கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பலாம்.

• உடல் முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. தோலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாய்வதால் இதயம் திணறும் ஆபத்து உண்டு. அதற்கும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலுக்கும் உடனே 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது, “என் இதயத்துக்கு என்ன பரிசோதனை செய்ய வேண்டும், டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.