உஷார்! வாரிய வீடு விலைக்கு வருதா?

“குடிசை மாற்று வாரியத்துல வீடு ஒண்ணு இருக்குக்கா. உள்ளே நம்ம ஆள் இருக்காரு. இன்னிக்கு அட்வான்ஸ் கொடுத்தா அடுத்த மாசம் சாவி.”

யாராவது இப்படிச் சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாக்கமோ கண்ணகி நகரோ புளியந்தோப்போ, வாரியக் குடியிருப்பு ஏழைகளுக்காகப் பொதுப் பணத்தில் கட்டியது. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அந்த வாரியம்தான் வீடு ஒதுக்கும். புரோக்கருக்கு அங்கே வேலையே இல்லை. ‘அனைவருக்கும் வீடு’ திட்டத்தில் வரும் வீடு என்றால் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. பங்களிப்புத் தொகை கட்டச் சொன்னாலும் அது வாரியத்துக்குத்தான் போக வேண்டும். தனி ஆளின் ஜிபே எண்ணைக் கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வலை இதைவிட ஆபத்தானது. இதில் வீடு நிஜம், சாவியும் நிஜம். ஒதுக்கீடு பெற்றவரே ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தவணை முழுக்கக் கட்டி, வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை வீடு அவருக்கே சொந்தமில்லை. இல்லாததை எப்படி விற்பார்?

அப்படி வாங்கிய வீட்டில் நீங்கள் வருஷக்கணக்கில் குடியிருக்கலாம். கரண்ட் பில் கட்டலாம், ரேஷன் கார்டில் அந்த விலாசம் இருக்கலாம். அதனால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்து விழுந்தது நினைவிருக்கும். அப்படி வலுவிழந்த பழைய கட்டடங்களை இடித்து அதே நிலத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். அப்போது பட்டியலில் வருவது ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கும் பெயர். உங்கள் பெயர் இருக்காது. வீட்டு வேலை செய்து, சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு இப்படிப் போவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வீடு தேவை என்றால் வாரிய அலுவலகத்துக்கே நேரில் போய் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். யார் கையிலாவது ஒதுக்கீட்டு ஆணை பார்த்தால், பணம் பேசும் முன் அதன் நகலை அங்கே காட்டிச் சரிபாருங்கள். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போலீஸில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.